எதுக்கும் இருக்கட்டும்!

அம்மா என் பைக்குள் பூட்டு வைத்திருந்தது பேரிஜம் ஏரிக்கரையில்தான் தெரிந்தது.

1988. கல்லூரியில் கடைசி வருடம். மதுரையிலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கி, பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன், அங்கிருந்து மூணாறு என்று மூன்று நாள் நடை. அந்தக் காலத்து மாணவர்களிடையே பெயர் போன வழி அது. முதல் நாள் மதியம் புளியோதரைப் பொட்டலத்தைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். மடித்து வைத்த துண்டுக்குள் சில்லென்று ஏதோ பட்டது. திண்டுக்கல் பூட்டு. பட்டறையில் கையால் அடித்துச் செய்த கறுப்பு இரும்புப் பூட்டு, வளையம் திறந்தபடி கிடந்தது. ஒரு கிலோவாவது இருக்கும்.

“காட்டுல எதைடா பூட்டப் போற, ஏரியையா?” என்று கூட வந்தவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. சாவியைத் தேடினேன், இல்லை. தூக்கி ஏரியில் போடு என்றார்கள். மனசு வரவில்லை. மூன்று நாளும் முதுகில் அதைச் சுமந்து மூணாறு போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பி அம்மாவிடம் கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும்னுதான் வெச்சேன்” என்றார். சாவி எங்கே என்றேன். “சாவிய நீ தொலைச்சிருவ. அதான் எடுத்து வெச்சுக்கிட்டேன்.”

மலை ஏறுகிறவர்களின் முதுகில் உட்கார்ந்திருக்கும் மொத்த எடைக்கும் இந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’தான் காரணம். மொழி மாறும், நாடு மாறும், இந்த நினைப்பு மட்டும் மாறுவதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்துவிட்ட பிறகு, நம் ஊரிலும் முதுகுப்பைகள் பெருத்துவிட்டன. ஒரு நாள் நடைக்கு ஒரு வாரச் சாமான். இந்த நோய்க்கு மிகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

மேஜை மேல் கொட்டு!

அப்பலாச்சியன் பாதை, அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர் நெடுக ஓடும் ஒற்றையடிப் பாதை. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் யோசனை சொல்ல, 1937-ல் பாதை முழுமை பெற்றது. முழுதாக நடக்க ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

ஸ்பிரிங்கர் மலைக்குப் போகும் வழியில் அமிகலோலா அருவிப் பூங்கா இருக்கிறது. அங்கே பையை மாட்டி எடை பார்க்க ஒரு தராசு தொங்குகிறது. கிளம்பும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுகிற தராசு. அதில் இருபது கிலோவைத் தாண்டிப் போகும் பைகள் சாதாரணம். பார்த்துவிட்டு யாரும் அங்கேயே எதையும் எடுத்துப் போடுவதில்லை. தூக்கிப் பார்க்கிறார்கள், தூக்க முடிகிறது, கிளம்பிவிடுகிறார்கள். தூக்க முடிவது வேறு, சுமந்துகொண்டு ஏற முடிவது வேறு என்று கால்கள் சொல்லித்தர மூன்று நாள் வேண்டும்.

அந்த மூன்றாவது நான்காவது நாளில், ஸ்பிரிங்கரிலிருந்து 50 கிலோமீட்டர் தாண்டி வருகிறது நீல் கேப் என்ற கணவாய். அதற்குச் சற்று முன்னால்தான் இந்தப் பாதையின் ஜார்ஜியா பகுதியில் மிக உயரமான பிளட் மலை. 1,359 மீட்டர். அதில் ஏறி இறங்கியவர்கள் முழங்கால் நடுங்க ஒரு பழைய கல் கட்டடத்துக்கு வந்து சேர்கிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டியது. பாதை அந்தக் கட்டடத்தின் நடுவே புகுந்துதான் வெளியேறுகிறது. வாசலில் பல வருடம் ஒரு மரம் நின்றது. கிளை தெரியாத அளவுக்குப் பழைய நடைக்காலணிகள் அதில் ஜோடி ஜோடியாகத் தொங்கின.

உள்ளே மலையேற்றக் கடை. அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது அங்கே நடக்கும் ஒரு சடங்கு. பையைக் கொடுத்தால் கடைக்காரர் அதை மொத்தமாகக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, ‘இது எதற்கு?’ என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் வந்தால் பொருள் இந்தப் பக்கம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ ரகப் பதில் வந்தால் அந்தப் பக்கம். அந்தப் பக்கக் குவியல் பெட்டியில் அடைக்கப்பட்டுத் தபாலில் வீட்டுக்குப் போகும்.

அந்தப் பக்கம் சேருகிறவற்றைப் பாருங்கள். கைக்கோடரி, பட்டாக்கத்தி, இரும்பு வாணலி, மடக்கு மண்வெட்டி, மடக்கு நாற்காலி. நாலு செட் உடை, அதில் இரண்டு ஜீன்ஸ். பெரிய டப்பா டியோடரண்ட். எட்டு பேட்டரி போடும் விளக்கும், அதற்கு மாற்றாக இன்னொரு எட்டு பேட்டரியும்.

எல்லாமே உபயோகமான பொருள்தான் என்பது இந்தப் பட்டியலின் வேடிக்கை. ஒன்றுகூடக் கிறுக்குத்தனம் என்று சொல்ல முடியாது. கோடரி விறகு வெட்ட. ஆனால் அந்தப் பாதையில் விறகு வேண்டுமென்றால் கீழே கிடக்கும் சுள்ளிகளைக் காலால் மிதித்து ஒடித்தாலே போதும். முக்கால்வாசிப் பேர் சின்ன கேஸ் அடுப்பில் சமைக்கிறார்கள், விறகே வேண்டாம். ஜீன்ஸ் உறுதியான உடை. ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டால் மலைக்குளிரில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். மண்வெட்டி காலைக்கடனுக்குக் குழி தோண்ட. அதற்கு உள்ளங்கை அகலத் தகட்டுக் கரண்டி ஒன்று போதும், இருபது கிராம் இருக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். கனமான கூடாரத்தைத் தூக்கிப் போடச் சொல்கிற கடைக்காரர்தான் லேசான கூடாரத்தையும் விற்கிறார். டாக்டரே மருந்துக் கடை வைத்த கதை. இருந்தாலும் அந்த மேஜையில் கொட்டியவர்கள் பெரும்பாலும் நன்றியோடுதான் பேசுகிறார்கள். நான்கைந்து கிலோ குறைந்த பையைத் தோளில் மாட்டும்போது வரும் முகமலர்ச்சிக்கு விலை கொடுக்கலாம்தான்.

தாங்களே கொட்டித் தீர்த்தவர்களும் உண்டு. பில் பிரைசன் இந்தப் பாதையைப் பற்றி எழுதி 1998-ல் வெளியான ‘எ வாக் இன் த வுட்ஸ்’ புத்தகத்தில் உடன் வரும் பருத்த நண்பர், முதல் நாளே ஏற்றம் தாங்காமல் பையிலிருந்து உணவையும் மற்றதையும் எடுத்துப் புதருக்குள் வீசிவிடுகிறார். வீசியதில் காபி வடிகட்டும் தாளும் போய்விட்டது. காபித்தூள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கடைசியில் கழிப்பறைத் தாளில் வடிகட்டிக் குடித்தார்கள். வடிகட்டும் தாள் மொத்தமே எத்தனை கிராம் இருக்கும்! ஆத்திரத்தில் எறிகிறவன் கனமானதைப் பார்த்து எறிவதில்லை, கைக்கு அகப்பட்டதை எறிகிறான்.

ரம்பம் போச்சு, கவிதை நின்றது

‘ஒவ்வொருவரும் பையில் தன் பயத்தைத்தான் சுமக்கிறார்’ என்று நெடுநடைக்காரர்களிடையே ஒரு சொலவடை உண்டு. பசிக்குப் பயப்படுகிறவர் பையில் பத்து நாள் சாப்பாடு, குளிருக்குப் பயப்படுகிறவர் பையில் மூன்று ஸ்வெட்டர், கரடிக்குப் பயப்படுகிறவர் பையில் பட்டாக்கத்தி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பாதிதான் உடன்பாடு. பயத்தால் எடுத்த பொருளைப் பற்றி மட்டும்தான் அது பேசுகிறது. ஆசையால் எடுத்த பொருள் என்ன ஆகிறது?

செரில் ஸ்ட்ரேய்ட் நல்ல சாட்சி. 1995-ல், 26 வயதில், முன்பின் மலை நடந்து பழக்கமில்லாமல் அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்கள் வழியே ஓடும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தனியாக இறங்கியவர். அந்தப் பாதை மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை 4,265 கிலோமீட்டர். அவர் நடந்தது ஏறத்தாழ 1,770. அதை அவர் எழுதிய ‘வைல்ட்’ 2012-ல் வெளிவந்தது, பிறகு படமும் ஆனது. அவர் பை அவ்வளவு பெரியது, அதற்கு ‘ராட்சசன்’ என்றே பெயர் வைத்துவிட்டார். முதல் நாள் அறையில் அதைத் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை. உள்ளே மடக்கு ரம்பம், கேமராவுக்குப் பெரிய ஃபிளாஷ், டியோடரண்ட், ஒரு சுருள் ஆணுறை. வழியில் ஒரு முகாமில் அனுபவசாலி ஒருவர் கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட வைத்தார். ரம்பம் போயிற்று.

புத்தகங்களுக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். படித்து முடித்த பக்கங்களைக் கிழித்து இரவு நெருப்பில் போட்டுவிடுவார். மறுநாள் அந்த அளவுக்கு எடை குறையும். ஏட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் பிறந்த எனக்கு அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. ஆனால் ஒரு புத்தகத்தை மட்டும் அவர் எரிக்கவில்லை. அட்ரியன் ரிச்சின் கவிதைத் தொகுதி. அதில் பலவும் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். மனப்பாடமான புத்தகத்தைவிட அநாவசியமான சுமை உண்டா? கடைசிவரை அவர் பையில் இருந்தது அதுதான்.

இதை நான் பல பயணக் கதைகளில் கவனித்துவிட்டேன். ‘உதவும்’ என்று எடுத்தது வழியிலேயே விழுகிறது. எதற்கும் உதவாது என்று தெரிந்தே எடுத்தது ஊர்போய்ச் சேருகிறது. முதலாவதற்கு ஒரு வேலை உண்டு, அந்த வேலை வராதபோது அது வெறும் இரும்பு. இரண்டாவதற்கு வேலையே கிடையாது. அதனால் அது ஒருநாளும் ஏமாற்றுவதில்லை.

எடையைக் குறைப்பதையே மதமாக்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுப்பார்கள், வரைபடத்தின் ஓரங்களைக் கத்தரிப்பார்கள், சட்டைக் காலரில் தைத்த துணிச்சீட்டைப் பிரித்தெடுப்பார்கள். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பை 4.5 கிலோவுக்குள் இருந்தால்தான் அந்தச் சபையில் இடம். பிரஷ்ஷை அறுத்தால் பத்து கிராம் மிச்சமாவதே பெரிது. அந்தப் பத்து கிராமைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிடலாம். இந்த இயக்கத்துக்கு வித்திட்டவர் ரே ஜார்டின். மலையேற்றக்காரர், விமானப் பொறியியல் படித்தவர். 1992-ல் அவர் எழுதிய கையேடு நெடுநடையையே மாற்றிப்போட்டது. கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய், பூட்ஸுக்குப் பதில் ஓட்டக்காலணி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிய அந்த மனிதர், விடாப்பிடியாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பொருள் குடை. வெயிலுக்கும் மழைக்கும் குடைதான் என்று வாதாடினார். ட்ரெக்கிங் கடைகளில் பல ஆயிரம் ரூபாய்க்கு மழைக்கோட்டு விற்கிற இந்த நாளில், கம்புக்குடையோடு வரப்பில் நடக்கும் நம் ஊர்ப் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் எம்மா கேட்வுட் என்றொரு பாட்டி நடந்துவிட்டார். ஒஹையோ மாநிலத்து விவசாயக் குடும்பம், 11 பிள்ளைகள், 23 பேரன் பேத்திகள். வருடக்கணக்காக அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து விடுபட்டவர். 1954-ல் முதல்முறை முயன்று, மெய்ன் காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வனக்காவலர்களால் திருப்பி அனுப்பப்பட்டார். 1955-ல், 67 வயதில், சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார். 146 நாளில் கட்டாடின் உச்சியில் நின்றார். அப்பலாச்சியன் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் தனியாக நடந்த முதல் பெண்.

அவர் சுமை என்ன? ஜீன்ஸ் துணியில் தானே தைத்த ஒரு சாக்குப்பை. அதைத் தோளில் ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்வார். உள்ளே ஒரு கம்பளி, மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை, உலர் திராட்சை, கடலை வகைகள், டப்பாவில் அடைத்த சாசேஜ். காலில் கேன்வாஸ் ஷூ. கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. குளியலறைத் திரை மழைக்குக் கூரை, ஈரத் தரைக்கு விரிப்பு. 1957-ல் மறுபடி முழுப் பாதையும் நடந்தார். 1964-ல் துண்டு துண்டாக மூன்றாம் முறையும் முடித்தார்.

இவரைக் காட்டி ‘பாட்டியால் முடியும், உனக்கு எதற்கு இவ்வளவு?’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பாட்டி பல இரவுகள் வழியிலுள்ள வீட்டுக் கதவைத் தட்டினார். சிலர் சோறும் கட்டிலும் கொடுத்தார்கள், சிலர் விரட்டினார்கள். பையில் இல்லாத கூடாரம் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது. லேசான பை வைத்திருப்பவர் கேட்டு வாங்கத் தயங்காதவராக இருக்க வேண்டும். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நம்மில் பலர் கூடாரத்தைச் சுமப்பது, கதவைத் தட்டக் கூச்சப்பட்டுத்தான்.

பனியில் இழுத்த வெள்ளிக் கரண்டி

வீண்சுமை என்றால் சிரிப்பு மட்டும் இல்லை. பனிப் பாலைவனத்தில் அது உயிரோடு விளையாடியிருக்கிறது.

1845-ல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் வட கனடாவின் பனிக்கடலுக்குப் போயின. 129 பேர். கப்பல்கள் பனியில் சிக்கின, ஒருவரும் திரும்பவில்லை. தப்பிக்க நினைத்தவர்கள் படகைச் சறுக்குவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். 1859-ல் தேடிப்போன மெக்ளின்டாக் குழு, கிங் வில்லியம் தீவின் கரையில் அந்தப் படகுகளில் ஒன்றைக் கண்டது. வண்டியோடு சேர்த்து 600 கிலோவுக்கு மேல். அதற்குள் இரண்டு எலும்புக்கூடுகள்.

கூடவே என்ன இருந்தது? பட்டுக் கைக்குட்டைகள், வாசனைச் சோப்பு, பல்துலக்கும் பிரஷ், சீப்பு, வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்பு, ‘விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ நாவல், 26 வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும். அவற்றில் சிலவற்றில் ஃபிராங்க்ளினின் குடும்ப முத்திரை. சாப்பிட? கொஞ்சம் தேயிலை, 18 கிலோ சாக்லேட். ரொட்டி இல்லை, இறைச்சி இல்லை. வெள்ளிக் கரண்டி எடுத்துவந்தவர்களுக்கு அதில் எடுத்துச் சாப்பிட ஒன்றும் இல்லை. மெக்ளின்டாக் பார்த்து அதிர்ந்துபோனது அந்த வீண்பாரத்தைக் கண்டுதான். நோயாலும் பட்டினியாலும் அறிவு மங்கியவர்களின் செயல் அது என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, அந்தஸ்தைக் கப்பலில் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை என்றே தோன்றுகிறது. அது பயமும் இல்லை, ஆசையும் இல்லை. பழக்கம். மூன்றிலும் அதுதான் அதிகம் கனக்கிறது.

எழுபது வருடம் கழித்து, பூமியின் மறுமுனையில், அதே மாதிரி ஒரு நெருக்கடி. துருவப்பயணி ஷேக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் அன்டார்க்டிகப் பனியில் நசுங்கி, 1915 அக்டோபர் 27-ல் 28 பேரும் பனித்தரையில் இறங்கினார்கள். தலைக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் சொந்தச் சாமான் என்று ஷேக்கிள்டன் உத்தரவிட்டார். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்த தங்கக் காசுகளைப் பனியில் எறிந்தார். ராணி அலெக்சாண்ட்ரா கொடுத்த பைபிளில் ராணி எழுதிய முதல் தாளையும் சில பக்கங்களையும் மட்டும் கிழித்துக்கொண்டு, புத்தகத்தைக் கீழே வைத்தார். மாலுமி தாமஸ் மெக்லியாட் அதை ரகசியமாக எடுத்துத் தன்னிடம் ஒளித்துக்கொண்டார். வேதப் புத்தகத்தை வீசினால் ஆகாது என்று அவருக்கு நம்பிக்கை. புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி தன் கண்ணாடி நெகட்டிவ்களில் 400-ஐ அங்கேயே உடைத்தார். உடைக்காவிட்டால் திரும்பிவந்து எடுக்க மனசு துடிக்கும் என்று.

தங்கத்தை எறியச் சொன்ன அதே ஷேக்கிள்டன், லியனார்ட் ஹஸ்ஸி என்ற வானிலை ஆய்வாளரின் பாஞ்சோவை மட்டும் எடுத்துவரச் சொன்னார். ஐந்து கிலோவுக்கு மேல் கனம். மனசுக்கு மருந்து அது என்பது அவர் கணக்கு. எலிஃபன்ட் தீவில் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் 22 பேர் நான்கரை மாதம் மீட்புக்காகக் காத்துக் கிடந்தபோது அந்த பாஞ்சோதான் பாடியது. 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். பாஞ்சோவும் திரும்பியது. கூட்டாளிகள் கையெழுத்திட்ட அந்த வாத்தியம் இப்போது லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கு மூன்று வருடம் முந்தைய கதை ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. தென்துருவத்துக்குப் போயும் முதலிடத்தைக் கோட்டைவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் துருவப்பயணி ஸ்காட்டின் குழு, 1912 பிப்ரவரியில் வழியில் நின்று பாறைகளைப் பொறுக்கியது. 16 கிலோ. பிறகு ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கடைசி மூவர் கூடாரத்துக்குள் இறந்து கிடந்த இடம், அடுத்த உணவுக் கிடங்கிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவு. அந்தக் கற்கள் கடைசிவரை கூடவே வந்திருந்தன. நீல் கேப் மேஜையில் கொட்டியிருந்தால் முதலில் அந்தப் பக்கம் போயிருக்கக்கூடியவை அவை. லண்டனில் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைப்படிமங்கள் இருந்தன. அதே தாவரத்தின் படிமம் இந்திய நிலக்கரிப் படுகைகளில் நிறையக் கிடைத்திருக்கிறது. மரமே முளைக்காத பனிக்கண்டத்தில் ஒருகாலத்தில் காடு இருந்ததற்கும், அதுவும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்ததற்கும் சான்று. அந்த ஒட்டுநிலத்தின் பெயரே நம் நாட்டு கோண்டு மக்களின் பெயரிலிருந்து வந்ததுதான், கோண்டுவானா.

16 கிலோ கல்லை இறக்கியிருந்தால் அந்த 18 கிலோமீட்டரைக் கடந்திருப்பார்களா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கற்கள் மட்டும் வந்து சேர்ந்தன.

போடுவதற்கென்றே சுமக்கும் கல்

ஸ்பெயினின் வடக்கே சந்தியாகோ யாத்திரைப் பாதை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். உன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது அங்கே எல்லோரும் சொல்லும் விதி. இந்த விதிக்குப் பயந்து பிரஷ்ஷை அறுப்பவர்கள்கூடத் தங்கள் ஊரிலிருந்து ஒரு கல்லை எடுத்து வருகிறார்கள். பாதையின் உயரமான இடம் ஒன்றில், சுமார் 1,500 மீட்டரில், நீண்ட மரக்கம்பத்தின் உச்சியில் இரும்புச் சிலுவை நிற்கிறது. அதன் அடியில் அந்தக் கல்லைப் போட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போட்டதில் சிலுவைக்குக் கீழே சிறு குன்றே எழும்பிவிட்டது.

சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. எருமேலியிலிருந்து பெருவழியில் நடப்பவர்கள் அழுதா நதியில் முங்கி ஒரு கல்லை எடுப்பார்கள். அழுதா மேடு ஏறி, கல்லிடும்குன்றில் போடுவார்கள். மகிஷி என்ற அரக்கியின் உடலைக் கல்லால் மூடிய கதையின் நினைவு அது. ஏற்கெனவே தலையில் இருமுடி, எதிரே செங்குத்து ஏற்றம். அங்கே போய் எடை கூட்டுகிறார்கள். எடை பார்க்கும் தராசுக்கு இது விளங்காது. மேட்டில் கல்லைப் போட்ட கை, ஒரு கணம் வெறுங்கையாக இருப்பதற்காகத்தான் அந்தக் கல்.

இருமுடியைவிடத் தெளிவான முதுகுப்பைச் சூத்திரத்தை எந்த ட்ரெக்கிங் கடையும் கண்டுபிடிக்கவில்லை. முன்முடி சாமிக்கு, பின்முடி ஆசாமிக்கு. உனக்கு வேண்டியதற்கு ஒரு பாதி, அதற்கு மேல் இடமில்லை. ஆனால் அதிலும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ புகுந்துவிட்டது. சூடம், ஊதுபத்தி, பன்னீர் பாட்டில் என்று வருடா வருடம் சேர்ந்துகொண்டே போய், சன்னிதானத்தில் அவை மலைமலையாகக் குவிந்தன. 2024 சீசனில் இவற்றைத் தவிர்க்கும்படி தந்திரி எழுத, தேவஸ்வம் போர்டும் பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. சாமியே கொட்டச் சொன்ன மேஜை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மலைகளில் இப்போது நடப்பவர்களின் பைகளில் பவர் பேங்க் இரண்டு இருக்கிறது, செல்ஃபி குச்சி இருக்கிறது, பத்து பேர் சாப்பிடும் சிப்ஸ் இருக்கிறது. எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், பூட்டோடு போனவனுக்கு அந்த யோக்யதை இல்லை. மன்னிக்கவே முடியாத பொருள் ஒன்று உண்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர். மற்ற வீண்சுமையெல்லாம் சுமப்பவர் முதுகை மட்டும் அழுத்தும். இது காட்டில் இருக்கும் அத்தனை பேர் தலையிலும், யானை தலையிலும் சேர்த்து ஏறுகிறது.

அடுத்த முறை மலையிலிருந்து திரும்பியதும் பையை உடனே கழுவப் போடாதீர்கள். தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். தினமும் தொட்டது, ஒருமுறை தொட்டது, தொடவே தொடாதது. முதலுதவிப் பெட்டியும் மழைக்கோட்டும் மூன்றாவது குவியலில் கிடந்தால் சந்தோஷப்பட்டு மறுபடி உள்ளே வையுங்கள். மீதியை வீட்டில் விடுங்கள். அந்தக் குவியலில் ஏதோ ஒன்றை மட்டும் விட மனசு வரவில்லை என்றால், ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூட்டு பாதையில் ஒரே ஒருமுறை உதவியது. இரண்டாம் நாள் இரவு சுக்குக் காபி போட, பாறைமேல் சுக்கை வைத்து அதனால்தான் தட்டினோம். கிண்டல் பண்ணியவன்தான் முதல் டம்ளரை வாங்கிக் குடித்தான். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சாவி எங்கே வைத்தாரோ, கிடைக்கவில்லை. பூட்டு என் மேஜையில் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடமும் ஒரு கிலோ, ஒரு கிலோ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 410 கிராம்.